சஹனில் இடது கை

அஜ்மானில் கலீலுர் ரஹ்மானின் பிரேம் கடையில் கல்யாணப் போட்டோக்களும் டிகிரி சர்டிபிகேட்டுகளும்தான் கண்ணாடிக்குள் போகும். கீழக்கரைக்காரர். பத்தொன்பது வருடத்தில் ஒரு பிரேம்கூட மூலை பிளந்து திரும்பி வந்ததில்லை என்று அவருக்கு ஏகப் பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று மனைவி அஸ்மத் பீவி சொல்வாள்.

அந்தக் கடைக்கு முதல்முறையாக ஒரு கண்காட்சி வேலை வந்தது. கொண்டுவந்தவள் ஷார்ஜாவில் ஓவியக் கண்காட்சி நடத்தும் சப்ரீனா. அல்ஜியர்ஸ் பக்கமெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே ஊர் ஊராகப் போய் வரைந்த ஓர் ஐரோப்பியரின் அச்சுப்படம். அல்ஜியர்ஸ் துறைமுகத் தெரு. வலை காய்கிறது, கழுதை தூங்குகிறது, நிழலில் ஐந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதை ஒழுங்காக முடித்தால் இன்னும் நாற்பது படம் தருவதாகச் சொன்னாள்.

கலீல் படத்தைப் பார்த்தார். அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஊர் விருந்திலும் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இப்படித்தான் உட்காருவார்கள். எந்தக் கை தட்டுக்குள் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"படம் திரும்பிக் கெடக்கும்மா. அஞ்சு பேரும் எடது கையால சாப்புடுறாங்க."

சப்ரீனா சிரித்துவிட்டாள். இது அந்தக் காலத்து அசல் அச்சு, ஓவியரின் கையெழுத்து நேராகத்தானே இருக்கிறது என்று காட்டினாள். கலீலுக்கு முகம் சுருங்கியது. பிடியை மட்டும் விடவில்லை. கையெழுத்து சரி, கை தப்பு என்றார். விசாரிக்காமல் கண்ணாடி போட்டு மூட மாட்டேன், அவசரமென்றால் வேறு கடை பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். அவள் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்பது படம் வாசல் தாண்டிப் போயிருந்தது.

ஓவியர் நேரில் பார்த்து வரைந்த பென்சில் நோட்டை வைத்திருந்த நூலகத்துக்கு சப்ரீனா அரைமனதாகத்தான் எழுதிக் கேட்டாள். நான்காம் நாள் பதில் வந்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். நோட்டில் ஐந்தும் வலது கை. அச்சுக்கல்லில் படத்தை ஏற்றியவன், பதியும்போது இடம் வலமாகும் என்று தெரிந்து கையெழுத்தை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறான், ஆட்களைத் திருப்பவில்லை.

"எத்தனை எக்ஸ்பர்ட்ஸ் பார்த்திருப்பாங்க, காக்கா? எப்படி மிஸ் பண்ணாங்க?" என்று கேட்டாள். அண்ணனுக்கு அவர் ஊரில் காக்கா.

கலீல் கண்ணாடியைத் துடைத்தபடி, அவர்கள் யாரும் சஹனில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்றார். படத்தின் கீழ் வைக்கும் குறிப்பில் இதைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைப் போடலாமா என்று அவள் கேட்டாள்.

"போடுங்க, தாராளமா போடுங்க. ஆனா மொதல்ல இவங்க வலது கையாலதான் சாப்புட்டாங்கன்னு எழுதுங்க. எம் பேரு அதுக்குக் கீழ வரட்டும்."