நட்சத்திரத்துக்கு ஒரு ப்ளக் பாயிண்ட்

வேலூரில் நான் குடியிருந்த கீழ்வீட்டின் முன் அறையில் இரண்டே இரண்டு ப்ளக் பாயிண்டுகள். ஒன்று ஐந்து ஆம்பியர், மற்றது பதினைந்து. அந்த இரண்டையும் நம்பி அதே அறையில் பத்துப் பதினோரு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துத் தோல் கம்பெனிகள் புதிய கம்ப்யூட்டர்களை வாங்கிவிட்டுப் பழையவற்றை மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு நாளிதழின் நிருபராக அந்த அலுவலகங்களுக்கு அடிக்கடி போவேன். போகும்போது சட்டைப் பையில் பேனா மட்டும் இருக்கும். திரும்பும்போது ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மானிட்டர் உட்கார்ந்திருக்கும். "எடுத்துட்டுப் போ தோஸ்த், இதால எடம் பேஜாரா இருக்குது" என்று மேல்விஷாரத்து மேனேஜர் ஒருவர் தூக்கிவிடவும் செய்தார். அவை செய்யும் வேலை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வந்து நிற்பதைப் பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தோல் ஊறவைக்கும் கூடத்தின் காற்று பட்டால் செம்பும் பித்தளையும் கறுத்துவிடும். அதனால் வந்து சேரும் ஒவ்வொரு ப்ளக்கையும் முதலில் உப்புத்தாளால் தேய்ப்பேன். வெளிநாட்டு மெஷின்களின் உருண்டைப் பின்கள் நம் ஊர்த் துளைகளில் ஆடும். பக்கத்தில் தீக்குச்சி சொருகி நிறுத்துவேன். சுவரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது. எந்த வயர் எந்த மெஷினுக்கு என்று கேட்டால் இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாடியில் வீட்டின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தன் மனைவியுடன் இருந்தார். அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் பால் பாக்கெட் கொடுக்க வந்தவர் அறையை எட்டிப் பார்த்தார். போய், பிளாஸ்டர் சுருளும் பேனாவுமாகத் திரும்பி வந்தார்.

"வார்டுல இந்த மாதிரி இருந்தா ஒருத்தர் ட்ரிப்ஸ இன்னொருத்தருக்கு ஏத்திடுவாங்க தம்பி" என்றபடி ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பிளாஸ்டர் சுற்றி பெட் நம்பர் எழுதினார். உறை உருகிக் கம்பி தெரிந்த ஒரு வயரைக் கையில் எடுத்து, "இது டிஸ்சார்ஜ்" என்று கொண்டுபோய்விட்டார்.

சிக்கல் டிசம்பரில்தான். தெருவைப் பார்த்த ஜன்னல் என்னுடையது என்பதால், வாத்தியார் மாடிக் கைப்பிடியில் கட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வயர் என் ஜன்னல் வழியாக என் அறைக்குத்தான் வரும். ஒரு வருடம் சர்ச் பாடகர் குழு வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு நண்பருக்குக் காட்டுவதற்காக நான் நான்கு மானிட்டர்களை ஒன்றாகப் போட்டேன். ஃப்யூஸ் போனது. நட்சத்திரம் அணைந்தது. பாடகர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டுப் புத்தகத்தில் எழுத்து தெரியவேண்டும் என்பதற்காக வெளிச்சம் இருந்த பக்கம், அதாவது எதிர்வீட்டு நட்சத்திரத்தின் பக்கம், மெல்லத் திரும்பிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அரக்கோணத்திலிருந்து வந்த ரயில்வேக்காரர். வாசலில் கைகட்டி நின்று, வாத்தியாருக்குச் சேரவேண்டிய பாட்டையும் தன் பாட்டையும் சேர்த்துக் கேட்டு முடித்தார்.

அடுத்த டிசம்பர் பிறந்ததும் வாத்தியார் இறங்கி வந்தார்.

"இன்னா தம்பி, இந்த வருசமும் ஸ்டார் அணைஞ்சிதுன்னா, உன் பொட்டிங்க எல்லாம் காயலான் கடைக்குத்தான். இல்லன்னா நீ வேற வூடு பாத்துக்க."

"அணையாது சார்."

"போன வருசமும் இதான் சொன்ன."

"போன வருசம் நீங்க கேக்கவே இல்லயே சார்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்ப."

வேலூரில் பத்துப் பதினோரு கம்ப்யூட்டர்களோடு வருகிற ஆளுக்கு வேறு வீடு கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

என்னிடம் ஒரு கனமான யுபிஎஸ் இருந்தது. கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரியால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற பெட்டி. நட்சத்திரத்தின் இரண்டு பின் ப்ளக் அதில் நுழையாது. ஒரு மானிட்டர் வயரின் முனையை வெட்டி, சாதாரண சாக்கெட் ஒன்றைப் பூட்டி, நட்சத்திரத்தை அதில் மாட்டினேன். பாடகர்கள் வரும் நாளன்று மற்ற எல்லா வயரையும் பிடுங்கித் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தேன். வாத்தியார் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் பாடகர் குழு வந்தது. கூடவே, தோளில் கேமராவும் கையில் பெரிய லைட்டுமாக ஒரு வீடியோக்காரர்.

"ப்ளக் பாயிண்ட் எங்க சார்?"

"அந்த லைட்டு எத்தன வாட்ஸ்?" என்றேன்.

"ஆயிரம்."

"இந்த லைன் தாங்காது. லைட்டு இல்லாம எடுங்க."

"லைட்டு இல்லாம எடுத்தா பேய் படம் மாதிரி வரும் சார். என்னை வரச் சொன்னதே இந்த வூட்டு சார்தான்."

வாத்தியார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எல்லாத்தையும்தான் புடுங்கிட்டியே. அப்பறம் இன்னா?"

பாடகர்களின் கீபோர்டு ஐந்து ஆம்பியரில் ஏறியது. யுபிஎஸ்ஸை ஏற்கெனவே பதினைந்தில் மாட்டியிருந்தேன். வீடியோக்காரர் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நுழைத்துத் தன் லைட்டையும் அங்கேயே ஏற்றினார். லைட் எரிந்ததும் பாடகர்கள் மொத்தமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். வாத்தியார் வேட்டியைச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்த்து நின்றார். பல்லவியும் முதல் சரணமும் முடிந்தன. இரண்டாம் சரணத்தின் முதல் வரியில் மீட்டர் பலகையில் 'டப்' என்றது.

லைட், கீபோர்டு, வாசல் பல்பு, மாடி டியூப்லைட் எல்லாம் ஒன்றாகப் போயின. வாத்தியாரின் தலை நேராக எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியது. ஆனால் பாடகர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். இருட்டாகிப்போன வீட்டின் முகப்பில் நட்சத்திரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் கடைசியாகத்தான் பார்த்தார்.

கீபோர்டு விட்ட இடத்தை என் யுபிஎஸ் எடுத்துக்கொண்டது. கரண்ட் இல்லாதபோது சீரான இடைவெளியில் 'பீப்' என்று கத்துவது அதன் குணம். அதை நிறுத்த வழியில்லை. டோலக் வாசித்தவர் இரண்டு வரி தடுமாறிவிட்டு, பேசாமல் அதன் தாளத்துக்குப் போய்விட்டார். பாட்டு கொஞ்சம் மெதுவாக, ஆனால் முழுதாக முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் தெருவைத் தாண்டி வந்து எங்கள் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்கள் கழித்து வீடியோ கேசட் வந்தது. மாடிக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார் வாத்தியார். வெள்ளை வெளிச்சத்தில் கண்கூசும் முகங்கள், பிறகு திடீர்க் கறுப்பு, அதன் நடுவே நட்சத்திரம். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"பொட்டிங்க அப்பிடியே இருக்கட்டும்" என்றார். பிறகு மனைவிக்குக் கேட்காத குரலில், "அடுத்த வருசம் வீடியோக்காரன் வரலன்னா இன்னா செய்றது?"

"வரலன்னா நல்லதுதான சார், ஃப்யூஸ் போகாது."

"அதத்தான் கேக்கறேன்."

கேசட்டை மறுபடி அதே இடத்துக்கு ஓட்டினார்.

"ரெண்டாவது சரணத்துல ஃப்யூஸ் கட்டைய நீயே உருவிடு" என்றார்.

உருவினேன். அடுத்த டிசம்பரிலும், அதற்கடுத்த டிசம்பரிலும் மீட்டர் பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு நின்று, சரியான வரி வரும்வரை காத்திருந்து ஃப்யூஸ் கட்டையை உருவினேன். இந்த வீட்டு லைனில் ஏதோ கோளாறு என்று பாடகர்கள் வருத்தப்பட்டார்கள். வாத்தியாரும் சேர்ந்து வருத்தப்பட்டார்.

மூன்றாம் வருடம் எங்கள் வாசலில் பாடி முடித்து எதிர்வீட்டுக்குப் போனார்கள். வாத்தியார் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணம் தொடங்கியது. எதிர்வீடு மொத்தமாக இருண்டது. நட்சத்திரம் மட்டும் எரிந்தது. உள்ளேயிருந்து 'பீப்' என்று சத்தம் வந்தது.

"காப்பி அடிக்கிறான் பாரு" என்றார் வாத்தியார். அந்த இரண்டாவது யுபிஎஸ் அங்கே எங்கிருந்து போயிருக்கும் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் பாட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.