தேடுவார்கள் என்று நினைத்தேன்

அப்போது எனக்குப் பதினோரு வயது. மண்டபத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வாப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பதிலேயே உம்மாவுக்குப் பொழுது போய்விடும். என்னை அவள் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. என் பக்கம் அவள் பார்வை திரும்பினால், எனக்குப் பின்னால் இருக்கும் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இருக்கும்.

உம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாப்பாவின் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். மூச்சு எப்படி இருக்கிறது, மருந்து கேட்கிறதா, தூங்குகிறானா என்று பக்கம் முழுக்கத் தம்பிதான் இருப்பான். ஒருமுறை வாசித்துக்கொண்டே வந்தவள், அதில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: “மகளையும் கேட்டதாகச் சொல்லவும்.” உம்மா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே, “சரி, மேல படி” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிணற்றடிக்குப் போவேன், வாசலுக்கு வருவேன், கடற்கரைக்கு ஓடுவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். நான் காணாமல் போனால் இவர்களுக்கு எப்போது தெரியும்? அந்தக் கேள்வி என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். யாத்திரைக்காரர்களின் கூட்டத்தோடு ரயில் ஏறினேன். டிக்கெட் இல்லை. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர். பயத்தில் எதிரே இருந்த பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம் அது. புருஷன், மூன்று சிறு பிள்ளைகள். அவள் சேலையை இழுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்தில் இருந்த கிழவர் கேட்டார்: “நாலும் ஒன் புள்ளைகளாத்தா?”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “ஆமாய்யா. இதுதான் மூத்தது” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாம்பனில் வண்டி மாறி ராமேஸ்வரம் போகும்வரை, அவளுடைய கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூத்த மகளாகவே இருந்தேன். புளிச்சோற்றை உருட்டி எல்லோர் கையிலும் வைத்தபோது என் கையிலும் வைத்தாள். அவர்கள் கடலில் முழுகி எழும்வரை துணிமூட்டைக்குக் காவல் இருந்தேன்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: “எங்கிட்டயாவது சொல்லுத்தா. வீட்டுல ஒன்னயத் தேட மாட்டாகளா?”

“தேடுவாக” என்றேன்.

“அப்ப போயிரு. பெத்தவ வயிறு என்னமா எரியும்!”

அவள் புருஷன் டிக்கெட் எடுத்து என்னை ரயிலில் ஏற்றிவிட்டார். அந்தப் பயணம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உம்மா வாசலில் தலைவிரிகோலமாக அழுவாள். தெருக்காரர்கள் கடற்கரையெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் ஓர் அறை விழும், அப்புறம் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அந்த அறைக்காகக் கன்னம் காத்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓடினேன்.

தெரு வழக்கம்போல் இருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பேசிக்கொண்டு போனார்கள். உள்ளே உம்மா தம்பியின் நெஞ்சில் சூடம் கலந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கொடம் விட்டாச்சா? தண்ணி இல்ல, ஒரு கொடம் எடுத்துட்டு வா” என்றாள்.

“உம்மா, நான் ராமேஸ்வரம் போயிட்டு வந்திருக்கேன்.”

“போடி, விளையாட்டுக்கு நேரமா இது” என்றவள் நிமிரவே இல்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கே யாருமில்லை. அழலாம் என்றுதான் போனேன், அழுகை வரவில்லை. குடம் நிரம்பி வழிந்த பிறகும் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

தம்பி தேறி வளர்ந்து கொழும்புக்கே போய்விட்டான். வாப்பா இறந்தபின் உம்மா என்னோடு வந்து இருந்தாள். நான் அப்போது டீச்சராக இருந்தேன். ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தில் நான் சேர்த்த வரி உட்பட.

கையிலிருந்த கீரையை அவள் கீழே வைத்தாள். “நீ ஒண்ணுமே கேக்க மாட்டியே புள்ள. கேக்காத புள்ளைக்கு ஒண்ணும் வேண்டாம்போலன்னு இருந்துட்டேன்” என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. எழுந்து போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வாசலில் நிற்க ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்காரி. “வந்துட்டியா? ஏன் இம்புட்டு நேரம்?” என்பாள். இப்போது எதற்கு இது என்று எனக்கு எரிச்சல் வரும். “உள்ள போங்க, கால் வீங்கிரும்” என்று அதட்டுவேன். ஆனால் ஒருநாள் பஸ் தாமதமானபோது, தெருமுனையிலிருந்து நான் கிட்டத்தட்ட ஓடினேன்.