ஸ்லைடை வழியனுப்பிய கை

இருபத்தைந்து வருஷம் காக்கி போட்டிருந்தும், என் கை அதிகமாகப் பிடித்தது பேனாவைத்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் எனக்கு ரைட்டர் வேலை. மனுவோடு வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதி, ரசீது போட்டுக் கொடுப்பேன். பிறகு கேட் வரைக்கும் கூடவே போய், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று காட்டி அனுப்பினால்தான் எனக்கு மனசு ஆறும். "வந்த சொந்தக்காரங்கள அனுப்பற மாதிரி அனுப்புறியே" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணுவார்கள்.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். மீதியெல்லாம் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் சொல்லிக் கொடுத்தது. யாராவது ஒரு வார்த்தை அழகாகச் சொல்லிவிட்டால் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அப்படி எழுதிவைத்ததில் ஒன்று என்னை விடவே இல்லை. கல்வராயன் மலையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த பெண் ஒருத்தி, சொல்லிக்கொண்டே இருந்தவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாதி சொல்லிட்டேன் மேடம். பஸ்ஸு போயிடும். மீதிய அடுத்த தபா வரும்போது சொல்றேன்" என்றாள். அந்த அடுத்த தடவை வரவில்லை.

அதனால்தான் எனக்கு எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வு வந்த சமயம், மலையில் ஒரு அவுட்போஸ்டுக்குப் பெண் அதிகாரி வேண்டும் என்றதும் கையைத் தூக்கினேன். மேலேயே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் யாரும் பாதியோடு எழுந்து போக வேண்டாம் அல்லவா. சரி என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அங்கே போகிறவர் இடுப்பில் பிஸ்டல் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறவர் அதைச் சுட்டுக் காட்டித் தேறியிருக்க வேண்டும்.

ரைபிள் சுட்டிருக்கிறேன். பிஸ்டல் எனக்குப் புதுசு.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் மண்மேடு எழுப்பிய ஒரு மைதானத்தில் சுடச் சொன்னார்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கைப்பிடிக்குள் போட்டேன். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன், முன்னால் கொண்டுவந்தேன், குறி பார்த்தேன், ட்ரிகரை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு 'டக்' கூட இல்லை. வேறு பிஸ்டல் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"கையில பலம் கம்மியா இருக்குதும்மா. அடுத்த மாசம் இன்னொரு பேட்ச் வருது, அதுல ஒரு தபா பாருங்க. அதுலயும் ஆவலன்னா மலைக்கு வேற யாரையாவது போட்டுக்கலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து கையைப் பலமாக்கும் வேலை. ரப்பர் பந்து வாங்கி, சீரியல் பார்க்கும்போதெல்லாம் பிசைந்தேன். தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பார்த்தார்.

"இன்னா, சாத்துக்குடி புழிஞ்சிகினு இருக்கிற? ஜூஸு எப்ப வரும்?"

"மலைக்குப் போனா வரும்."

"போ போ. நீ இல்லன்னா எனக்கு டிவி கெடைக்கும்."

பந்து நன்றாக மெத்தென்று ஆனது. பயம் மட்டும் மெத்தென்று ஆகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, ஆயுத அறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரரிடம் போய் நின்றேன். ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாய் ஓயாது. துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போதும் அதோடு பேசிக்கொண்டேதான் போடுவார்.

"கை பலம் இல்லன்னு சொல்லிட்டாங்க தம்பி."

"யாரு சொன்னது? இந்த அறைக் கதவு இருக்குதே, இத நீங்க ஒத்தக் கையால தள்ளினு வந்தீங்க. நான் ரெண்டு கையால தள்ளுவேன். ஒக்காருங்கக்கா."

ஒரு பிஸ்டலை எடுத்தார். முனையைச் சுவரோரம் இருந்த மணல் பெட்டிப் பக்கம் திருப்பியபடி முதலில் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அப்படியே நிறுத்தி, என்னிடம் காட்டினார்.

"காலியான்னு பாருங்க."

"நீங்கதான் பாத்துட்டீங்களே."

"என்னை நம்பாதீங்க. எங்கப்பனையும் நம்பாதீங்க. உங்க கண்ண நம்புங்க, அப்புறம் சுண்டு விரல வுட்டும் பாருங்க."

பார்த்தேன், விரலையும் விட்டேன். காலி. மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மேகசின் வெளியே வந்தாலும், குழலின் பின்பக்கம் சேம்பர் என்கிற அறையில் ஒரு ரவுண்டு, அதாவது ஒரு தோட்டா, உட்கார்ந்திருக்கலாம். புதிதாகத் தொடுகிறவர்களுக்கு நான் சொல்வதும் முதலில் இதுதான். மேகசின் முதலில், சேம்பர் அப்புறம். வரிசையை மாற்றினால், சேம்பரில் இருப்பது வெளியே விழுந்த கையோடு மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். விரல் எந்நேரமும் ட்ரிகருக்கு வெளியே, முனை எந்நேரமும் ஆள் இல்லாத பக்கம்.

அப்புறம் பிஸ்டலைக் கழற்றிப் பரப்பினார். நான் அவ்வளவு பயந்த சாமான், பிரித்துப் போட்டதும் ஏதோ ரிப்பேர் கடை மேஜை மாதிரி ஆகிவிட்டது. கைப்பிடியும் ட்ரிகரும் இருக்கும் கீழ்ப்பாகம் ஃபிரேம். அதன் ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி விளிம்பு. அந்த விளிம்பில் முன்னும் பின்னும் ஓடும் இரும்பு மூடிதான் ஸ்லைடு. அதன் வயிற்றுக்குள் குழல். குழலுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங்.

"இதுதான் மொதலாளி" என்று ஸ்பிரிங்கைத் தூக்கிக் காட்டினார். "மத்தவன்லாம் வேலைக்காரன்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சுட்டதும் மருந்து எரிந்து காற்று அழுத்தம் கிளம்புகிறது. அது குண்டை முன்னால் தள்ளும், தள்ளின வேகத்திலேயே பின்பக்கத்தையும் உதைக்கும். தெப்பத்திலிருந்து கரைக்குத் தாவினால் தெப்பம் பின்னால் போகுமே, அதே கதை. ஸ்லைடும் குழலும் ஒன்றையொன்று பிடித்தபடி துளி தூரம் சேர்ந்தே பின்னால் வரும். அதற்குள் குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது குழல் பிடியை விட்டுவிட்டு நின்றுகொள்ளும், ஸ்லைடு மட்டும் பின்னால் ஓடும். ஓடும்போது, அதிலுள்ள சின்னக் கொக்கி காலித் தோட்டாவைப் பிடித்து இழுத்து வரும். வழியில் ஒரு முட்டு அதைத் தட்டி வெளியே எறியும். ஸ்லைடு போகிற போக்கில், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலையும் மடக்கி வைத்துவிட்டுப் போகும். இதற்குள் கீழே இருக்கும் ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும். அமுங்கினது சும்மா இருக்குமா? ஸ்லைடை முன்னால் தள்ளும். அது வரும் வழியில் மேகசினின் மேலே இருக்கும் அடுத்த ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் வைத்து, கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே ஒரு குண்டு. மறுபடி சுட, விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். இத்தனையும் கண்ணை மூடித் திறப்பதற்குள்.

"டவுன் பஸ்ஸு மாதிரிக்கா. எறங்கறவன் எறங்கணும், அப்புறம் ஏறறவன் ஏறணும், அப்புறம் கதவு. எறங்கறவன் படியிலயே நின்னுகினான்னா பஸ்ஸு நவுராது. காலித் தோட்டா நடுவுல மாட்டிக்கிறது அதான்."

"அப்ப முதல் ரவுண்டை யாரு ஏத்துறது?"

"அதுக்குத்தான் நம்ம கை. மொத தபா மட்டும் நாம இழுக்கணும். அப்புறம் அது பாட்டுக்கு அது ஓடும்."

சினிமாவில் வசனம் பேசுகிறபோதெல்லாம் இழுக்கிறார்களே என்று கேட்டேன். "அப்படி இழுத்தா ஒவ்வொரு தபாவும் நல்ல ரவுண்டு ஒண்ணு கீழ வுழும். வசனம் முடியறதுக்குள்ள துப்பாக்கி காலி" என்றார். அதையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

பிஸ்டலைப் பூட்டி, மருந்தில்லாத பயிற்சி ரவுண்டுகள் போட்ட மேகசினைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என் இடது கையையே பார்த்தார்.

"இன்னொரு தபா."

இழுத்தேன்.

"அக்கா, முழுசா பின்னால வருது. உங்க கையில பலம் இருக்குது. நீங்க இழுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல, வுடுறதுலதான்."

"விட்டுட்டேனே?"

"எங்க வுட்டீங்க? புடிச்சிகினே முன்னால கூட்டினு போறீங்க." ஸ்லைடின் பின்பக்கத்தைக் காட்டினார். ஃபிரேமோடு சமமாக வந்து சேராமல், ஒரு நூல் பின்னால் நின்றிருந்தது. கண்ணுக்கே தெரியாத இடைவெளி. "கதவு முழுசா சாத்தல. சாத்தாம சுட்டா ஆபத்துன்னு ட்ரிகரு வேல செய்யாம அதுவே நிறுத்திக்கும். மூணு பிஸ்டலும் நல்ல பிஸ்டல்தான். நீங்க ஸ்பிரிங்க வேல செய்ய வுடல."

நான் கையைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"மனு குடுக்க வந்தவங்கள கேட்டு வரைக்கும் கொண்டுபோய் வுடுவீங்களே, அதே மாதிரி இதையும் கொண்டுபோய் வுடுறீங்க. இதுக்கு வழி தெரியும்க்கா. பஸ்ஸு நெம்பர்லாம் சொல்ல வேணாம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது கேலி மட்டும் இல்லை. சின்ன வயசிலிருந்து எதையும் சத்தம் வராமல் மூடிப் பழகின கை இது. இரும்பு பீரோ, ஃபைல் ரேக், ஆபீசர் அறைக் கதவு, எல்லாவற்றையும் கடைசி வரை பிடித்தபடியே போய் மெதுவாகச் சேர்த்துவிட்டு வரும். 'பட்'டென்று விட்டால் பொம்பளைக்கு என்ன கோபம் என்று கேட்பார்கள். ஒரு மாசமாக நான் பலப்படுத்திக்கொண்டிருந்தது, தப்பே செய்யாத பாதியை.

பின்னால் இழுக்கும்போது இடது கை மட்டும் வேலை செய்யக் கூடாது, வலது கை முன்னால் தள்ள வேண்டும், இடது கை பின்னால் இழுக்க வேண்டும் என்று காட்டினார். முழுசாகப் பின்னால் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுடும்போது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போகவே கூடாது, போனால் தோலை வழித்துவிடும்.

எடுத்தேன். 'சடக்.' தோள் குலுங்கியது. யாரோ ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது மாதிரி கூச்சமாக இருந்தது. "மன்னிப்பு கேக்காதீங்க, அதுக்குக் கோவம் வராது" என்றார். நாற்பது, ஐம்பது தடவை செய்த பிறகு கூச்சம் போனது.

அடுத்த பேட்ச். அதே மண்மேடு, அதே இன்ஸ்பெக்டர். பக்கத்துக் கரும்பு வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மேகசின் போட்டேன், இழுத்தேன். கை கூடவே போகத்தான் பார்த்தது. விட்டுவிட்டேன். 'சடக்.' ஸ்லைடும் ஃபிரேமும் பின்பக்கம் சமம். அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தைவிட, காலித் தோட்டா வலது பக்கம் தெறித்துப் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இறங்குகிறவன் இறங்கிவிட்டான். ரெண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது சுட்டதும் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டது, போச்சு, மலை போச்சு என்று நினைத்தேன்.

"இன்னாம்மா பாக்கறீங்க? அஞ்சு ரவுண்டு குடுத்தோம், அஞ்சும் சுட்டாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். கடைசி ரவுண்டு போனதும், காலி மேகசினுக்குள் இருக்கும் தட்டு மேலே வந்து ஒரு சின்ன நெம்புகோலைத் தூக்கி ஸ்லைடை நிறுத்திவிடும். அதை ஆர்மரர் ஆயுத அறையிலேயே சொல்லியிருந்தார், பயத்தில் மறந்துவிட்டேன்.

மேகசினைக் கழற்றினேன். சேம்பரைப் பார்த்தேன், விரலை விட்டேன். காலி. ஐந்தில் நாலு குறி அட்டையில் பட்டிருந்தது. அந்த ஒன்று எங்கே போனது என்று மண்மேட்டைத்தான் கேட்க வேண்டும். தேறியதாக எழுதினார்கள்.

இப்போது மலையில் இருக்கிறேன். பிஸ்டல் இடுப்பில் கனக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேச வந்தவள் வாயை மூடிக்கொள்கிறாள் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. அதனால் மேஜை இழுப்பறை மறைக்கிற மாதிரி சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டேன். எடுக்கும்போதும் வைக்கும்போதும் மேகசின், சேம்பர், கண், சுண்டு விரல். மண்மேட்டைத் தவிர வேறு எதைப் பார்த்தும் அதைச் சுட வேண்டி வராமலே நான் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

போன வாரம் ஒருத்தி வந்தாள். பேச ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, பழக்கத்தில் கடிகாரத்தைத் தேடினாள். "உன் வூடு இங்கதானே இருக்குது, நடந்தே போயிடலாம். சொல்லு" என்றேன். முழுசும் சொன்னாள். எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆனது.

அவள் எழுந்தபோது நானும் எழுந்து கேட் வரைக்கும் கூடப் போனேன். ஸ்லைடுக்குத்தான் அந்தப் பழக்கம் ஆகாது.