பாமாவின் அடுக்களை

எந்த வீட்டுக்குப் போனாலும் சுகுமாரி நேராக அடுக்களைக்குத்தான் போவாள். முன்னறையில் பாய் விரித்து உபசரித்தாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அடுப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது, உப்பை எதில் போட்டு வைத்திருக்கிறார்கள், புகை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால்தான் அந்த வீட்டுக்காரியைப் பார்த்த திருப்தி வரும். பாறசாலையில் மெயின்ரோட்டுக் கடைக்குப் பின்னால் குடியிருந்த அவளுக்கு, பெருங்கடவிளை தொடங்கி பூவார் வரைக்கும் எத்தனையோ அடுக்களைகள் அத்துப்படி. கூடப்பிறந்த தங்கச்சி சத்யபாமாவின் அடுக்களையை மட்டும் அவள் பார்த்ததில்லை.

பாமாவைக் கட்டிக்கொடுத்தது படந்தாலுமூட்டில். கல்யாணம் கழிந்து பெண்வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாகத் திரண்டு போய், பெண் புகுந்த அடுக்களையைப் பார்த்து வருவார்களே, அந்த 'அடுக்களை காணல்' அன்றைக்கு சுகுமாரி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். எழுந்து நடமாடுவதற்குள் சண்டை வந்துவிட்டது.

சண்டை ஒரு வாழையிலையில் வந்தது. பாமாவின் மாப்பிள்ளை செல்லசாமி, மலையாள ராஜ்யத்தில் கிடந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கொடிபிடித்து நடந்தவன். சுகுமாரியின் புருஷன் ராஜதாஸ் துணிக்கடை வைத்திருந்தார். வருகிறவர் மலையாளம் பேசினால் மலையாளம், தமிழ் பேசினால் தமிழ். ஒரு சடங்குச் சாப்பாட்டில் இருவருக்கும் அடுத்தடுத்த இலை.

"எல்லை எல்லைங்கிறியே, அத எங்கடே போடுவா? எனக்க இலையிலயா?" என்று கேட்டுவைத்தார் ராஜதாஸ்.

செல்லசாமி விரலை நீட்டி, அவர் இலையிலேயே சோற்றின் நடுவே ஒரு கோடு இழுத்தான். "இதாக்கும் எல்லை, அண்ணாச்சி. பருப்பு எங்களுக்கு, அவியல் உங்களுக்கு."

பந்தியே சிரித்தது. ராஜதாஸ் பாதியில் எழுந்துவிட்டார். "இனி அவனுக்க வீட்டு வெள்ளம் எனக்க தொண்டையில இறங்காது" என்று அவர் கை கழுவியபடி சொன்னது கொல்லைவரை கேட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய்வருகிற எல்லாரையும் சுகுமாரி பிடித்து வைத்துக் கேட்பாள். "பாமாக்க அடுக்கள எப்பிடி இருக்கு?"

"அடுக்களன்னா அடுக்களதான் மக்கா. அடுப்பு உண்டு, புகை உண்டு" என்பார்கள். ஆண்களுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. கிடைத்த அரைகுறைச் சேதிகளை வைத்து அவளே மனசுக்குள் ஒரு அடுக்களை கட்டிக்கொண்டாள். தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அந்த அடுக்களையில் நடமாடுவாள். இன்ன இடத்தில் அம்மி, இன்ன இடத்தில் அகப்பை என்று கை நீட்டினால் எட்டும்.

மார்த்தாண்டத்தில் எல்லைப் போராட்டக்காரர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு போலீஸ் செல்லசாமியைப் பிடித்துக்கொண்டு போனது. பாமா ஒற்றைக்கு இருக்கிறாள் என்று தெரிந்தபின் சுகுமாரி ஓயாமல் கேட்டாள். "ஒருக்கா போயிட்டு வாறேனே."

"போலீசு நோட்டம் உள்ள வீடாக்கும். கடைய அடைச்சிட்டு நானும் ஜெயிலுக்குப் போகவா?" என்பார் ராஜதாஸ்.

அந்தத் தை மாதம் ராஜதாஸின் அண்ணன் மகள் சரோஜத்துக்குத் தக்கலையில் அடுக்களை காணல் வந்தது. மூன்று வாடகைக் கார்கள் பேசினார்கள். மூன்றும் யுத்தத்துக்கு முன்னே கப்பலேறி வந்தவை. நடுவில் போன துணிக்கூரைக் காரில் சுகுமாரி, ராஜதாஸ், சரோஜத்தின் அம்மை கிருஷ்ணம்மா, மடியில் முறுக்குப் பெட்டிகள், காலடியில் புதுப் பித்தளைக் குடம். ஓட்டியவன் பூவார்க்காரன் கிளீட்டஸ். "கடலுல வள்ளம் இம்புட்டு ஆடாது" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

களியக்காவிளை தாண்டி, படந்தாலுமூட்டு ஏற்றத்தில் காரின் மூக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. முன்னும் பின்னும் வந்த கார்களும் நின்றன.

"அடுக்கள காணப் போறோம்னா, இது அடுப்பையும் கூடக் கொண்டு வந்திருக்கே!" என்றாள் கிருஷ்ணம்மா.

கிளீட்டஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. "டியூப் கிழிச்சுக் கெட்டிடலாம். வெள்ளம் வேணும். ரெண்டு மூணு குடம்."

அவன் சொல்லி முடிக்குமுன்பே சுகுமாரி பித்தளைக் குடத்தோடு இறங்கிவிட்டாள்.

"புதுக் குடம் பிள்ளே! பொண்ணுக்குக் கொண்டு போறது!" என்றாள் கிருஷ்ணம்மா.

"கழுவித் தாறேன் மைனி."

ராஜதாஸ் வழிமறித்தார். "எங்க போறா?"

"வெள்ளம் கோர."

"அந்த வீட்டு வெள்ளம் வேண்டாம்னு நான் சொல்லி..."

கிளீட்டஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "அண்ணாச்சி, குடிக்கப் போறது காராக்கும். நீங்க இல்ல."

மூன்று கார்க்காரர்களும் சிரித்துவிட்டார்கள். ராஜதாஸ் பீடியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு திரும்பி நின்றார்.

வழி கேட்டுக் கேட்டு சுகுமாரி போய்ச் சேர்ந்தபோது, கிணற்றடியில் அடுத்த வீட்டு லீலாபாய் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பாமாவா? விடியக்காலத்தே திருவனந்தபுரம் பஸ்ஸு ஏறிட்டா. மாப்பிளய ஜெயிலுல காண. மாசம் ஒருக்க போவா. அந்திக்குத்தான் வருவா. நீங்க ஆரு?"

"அவளுக்க அக்கா."

"பாறசாலை அக்காவா!" லீலாபாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பஸ்ஸு உங்க முக்கு வரும்போ தலைய வெளிய நீட்டிப் பாப்பாளாம். கடைக்குப் பொறத்த புகை தெரிஞ்சா, அக்கா அடுப்பு பத்த வச்சாச்சுன்னு வந்து சொல்லுவா."

சுகுமாரி இரண்டு குடம் தண்ணீர் கோரிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாவது குடத்தை கிளீட்டஸிடம் நீட்டிவிட்டு, காருக்குள் ஏறாமல் நின்றாள்.

"நீங்க போயிட்டு வாருங்க. திரும்பும்போ நான் ரோட்டுல நிப்பேன்."

"சரோஜத்துக்கு அடுக்கள காண வந்தவ..." என்று ராஜதாஸ் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார். "அவ வீட்டுல உண்டா?"

"அந்திக்கு வருவா."

பாமாவின் அடுக்களைக் கதவுக்கு வெறும் கொண்டிதான். திறந்து உள்ளே போன சுகுமாரிக்கு முதலில் திசை குழம்பியது. அம்மி இடப்பக்கம். அகப்பைகள் இடப்பக்கச் சுவரில். உப்பு மரவையும் அந்தப் பக்கமே. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பாமா இடக்கைக்காரி அல்லவா! "சோத்துக்கையால எடு பிள்ளே" என்று அம்மை அடித்ததைவிட அக்கா அடித்ததுதான் அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கை பயந்து மடியிலேயே கிடந்தது. இத்தனை வருஷம் தான் மனசில் கட்டி நடமாடியது பாமாவின் அடுக்களை இல்லை, தன்னுடையதேதான் என்று சுகுமாரிக்குப் புரிந்தது.

அழுகையெல்லாம் வரவில்லை. வருகிறவள் பசியோடு வருவாள் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். கை ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் போய் வெறும் சுவரைத் தடவியது. சோறு வடிப்பதற்குள் இரண்டு முறை சுட்டுக்கொண்டாள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி அரைத்து மூடிவைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது வந்தது பஸ் இல்லை, கார்கள்.

அவள் ரோட்டோரம் நின்றாள். மற்ற இரண்டு கார்களும் முன்னே போய்விட்டன. "ஒரு லைட்டுதான் எரியும் அண்ணாச்சி, இருட்டுமுன்ன போணும்" என்றான் கிளீட்டஸ்.

ராஜதாஸ் பஸ் வரும் பக்கம் ஒருதரம் பார்த்தார். "வண்டியில வெள்ளம் உண்டாடே?"

"நெறஞ்சு கெடக்கு."

"இன்னொரு குடம் ஊத்திப் பாரு."

கிளீட்டஸ் அவரைப் பார்த்தான், சுகுமாரியைப் பார்த்தான். லீலாபாயிடம் ஒரு குடம் இரவல் வாங்கி, சாவகாசமாகக் கோரி, சாவகாசமாக ஊற்றினான். தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடியது. "இன்னொண்ணு" என்றார் ராஜதாஸ். அதுவும் வழிந்து ஓடியது. பஸ் வரவில்லை.

"ஏறு, பிள்ளே" என்றார் கடைசியில், தணிந்த குரலில். "அடுத்த மாசம் அவ வரும்போ முக்கில நில்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் பஸ் எதிரே வந்தது. உள்ளே மங்கலான மஞ்சள் வெளிச்சம். சன்னலெல்லாம் தூங்கி வழியும் தலைகள். ஒன்றுகூட வெளியே நீளவில்லை. பாறசாலை முக்குதான் எப்போதோ தாண்டியாயிற்றே, இனி பாமா எதைப் பார்க்கத் தலையை நீட்டுவாள்? சுகுமாரி துணிக்கூரைக்கு வெளியே உடம்பைப் பாதி சாய்த்துக் கூப்பிட்டாள். இரண்டு வண்டிகளின் இரைச்சலில் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.