முன் பிரேக்கைத் தொடாதே

என் தாய்மாமன் பொய் சொல்கிறார். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது தொடங்கிய பொய் அது. இத்தனை காலமும் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார், பொறுத்துக்கொண்டேன். போன வாரம் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் தன் குரலிலேயே பேசிப் போட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் நர்சுக்குப் படித்தவள். குரங்கணிக்கு மேலே இருக்கிற மலைக் கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. பஸ்சை நம்பி அந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு ஸ்கூட்டர் வேண்டும் என்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாமா மாட்டேன் என்கிறார். அதற்கு, அவர் மகளுக்கு மதினி முறையான என்னைச் சாட்சியாக இழுக்கிறார்.

"ஒங்க மதினி கதை தெரியும்ல? யாருக்கும் தெரியாம என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி மலை ரோட்டுல விழுந்தா. நான் மட்டும் பின்னாலயே ஓடலைன்னா இன்னைக்கு அவ போட்டோவுக்கு மாலை போட்டிருப்போம். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி?"

குழுவில் இருந்தவர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். என் கூடப்பிறந்த அண்ணனும் போட்டான். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிலமலையில் வீடு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காய் எடுக்கிற காலத்தில் அப்பாவும் அம்மாவும் மேலேயே தங்கிவிடுவார்கள். லீவு கிடைத்தால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மாமா தோட்டத்திலேயே இருந்து சோலி பார்த்தார். அந்த வருடம் அவருக்குக் கல்யாணம் ஆனது. ராசிங்காபுரத்தில் பெண் எடுத்தோம். பெண் வீட்டார் ஒரு புது பைக்கு கொடுத்தார்கள். சின்ன வண்டிதான், நூறு சி.சி. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு சக்கரத்தில் எஞ்சினோடு வந்த முதல் பொருள் அதுதான்.

அந்த வண்டி மலைக்கு ஓடி வரவில்லை. லோடு ஜீப்பின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். "புது வண்டிய ஏத்தத்துல ஓட்டுனா எஞ்சின் போயிரும்" என்று மாமா சொன்னார். எங்கள் அப்பா உட்பட எல்லாரும் தலையாட்டினோம்.

தினமும் காலையில் மாமா வண்டியைத் துடைப்பார். ஸ்டாண்டில் நிறுத்தியபடியே உதைத்துக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். காய் எடுக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். "என்ன மாப்ளே, வண்டிக்கு இன்னைக்கும் உள்ளூருல சோலி இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்பாள். "உனக்கு என்ன தெரியும், எஞ்சினைப் பழக்கணும்" என்பார்.

எஞ்சினைப் பழக்கியவர் கூடவே என்னையும் பழக்க ஆரம்பித்தார். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. அங்கே என்னை ஏற்றி உட்காரவைத்துத் தள்ளிவிட்டார். எனக்குச் சைக்கிள் நன்றாக வரும், அதனால் விழவில்லை. பிறகு கிளச்சு, கியரு. அவர் கூடவே நடந்து வந்தபடி சொல்லிக்கொடுப்பார். ஒரு தடவைகூட ஏறி ஓட்டிக் காட்டியதில்லை. "புது வண்டிக்குப் பாரம் ஆகாதுத்தா. நீதான் எடை கம்மி" என்றார். என் எடைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாடத்தில் இரண்டு விதிகள். முதல் விதி, வலது கைப்பக்கம் இருக்கிற முன் பிரேக்கைத் தொடக் கூடாது. "தொட்டன்னு வையி, வண்டி முன்னால குத்தி ஆளைத் தூக்கி எறிஞ்சிரும். கால் பிரேக்கு மட்டும்தான்." இரண்டாவது, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "தானா உருள்ற வண்டிக்கு எதுக்குத்தா பெட்ரோலு?"

இதை மாமாவின் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் மலையில் பாதிப்பேர் அப்படித்தான் இறங்கினார்கள். மேலே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கீழே அடிவாரத்தில் கிளப்புவார்கள். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

ஆடி பிறந்தது. மாமாவைக் கட்டிய அத்தையை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். புது மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று ராசிங்காபுரத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். கூடவே மாமனார் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: மாப்பிள்ளை ஜீப்பில் வர வேண்டாம், நாம் கொடுத்த வண்டியிலேயே வரட்டும், ஊர் பார்க்கட்டும். அதைக் கேட்டதிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடவில்லை. விருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறார் என்று அம்மா கேலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு மாமா என்னிடம் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம்.

"ஏத்தா, எங்கூட விருந்துக்கு வர்றியா? எறக்கத்துல நீயே ஓட்டு. அடிவாரம் வரைக்கும்."

"மெயின் ரோட்டுலயா மாமா?"

"நான் பின்னால இருக்கேன்ல. என்ன பயம்? வெரசா கெளம்பு."

அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரியும்.

தோட்டத்துப் பாதையில் நான் முதல் கியரில் ஊர்ந்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். மெயின் ரோட்டைத் தொட்டதும் என்னை இறக்கிவிட்டு வண்டியை உருட்ட ஆரம்பித்தார். செக்போஸ்டில் நின்ற மலையாளக் காவலர் சிரித்தார். "எந்தா சேட்டா, பெட்ரோள் தீர்ந்நோ?"

"ஆமா சார். எறக்கம்தான, உருட்டிக்கிருவேன்."

செக்போஸ்டு பார்வையிலிருந்து மறைந்ததும் நான் முன்னால் ஏறினேன், மாமா பின்னால் ஏறினார். சாவி அணைத்தபடியே இருந்தது. கியர் நியூட்ரலில். அவர் காலால் இரண்டு உந்து உந்தினார். வண்டி சத்தமே இல்லாமல் இறங்கத் தொடங்கியது.

முதல் இரண்டு வளைவு வரை எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. சாரல் அடித்து ரோடு ஈரமாக இருந்தது. கீழே போடிப் பக்கம் மட்டும் வெயில் விழுந்திருந்தது. காற்றில் மாமாவின் வேட்டி படபடவென்று அடிக்கிற சத்தம்தான் வண்டிக்கே எஞ்சின் மாதிரி. சாவி அணைந்திருந்ததால் ஹாரன் அடிக்காது. ஒவ்வொரு வளைவிலும் மாமாவே "ஓரம், ஓரம், ஓரம்" என்று கத்தினார். கேரட்டு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், யார்ரா அது பிள்ளைய ஓட்டவிட்டது?" என்று திட்டினார். மாமா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன். விடவே இல்லை. விட்டால் வேகம் பிடிக்கிறது. எஞ்சின் கியரில் இருந்திருந்தால் அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு கருகிய வாடை வந்தது. ரப்பர் எரிகிற மாதிரி. ஏதோ லாரி வாடை என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் என் காலுக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. வண்டி கேட்கவில்லை.

"பிரேக்கை மிதி ஆத்தா."

"மிதிச்சுக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்."

"நல்லா மிதி."

"பிடிக்க மாட்டேங்குது மாமா."

அவருடைய கைகள் என் தோளில் இறுகின. வலித்தது. அந்த வளைவை ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். எதிரே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். திரும்பியதும் நேரான இறக்கம். அதன் முடிவில் கொண்டை ஊசி வளைவு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பனிமூட்டம். கீழேயிருந்து ஒரு ஜீப்பு ஏறி வருகிற முனகல் கேட்டது.

"மாமா, முன் பிரேக்கைப் பிடிக்கட்டா?"

"தொடாத. தொட்டா செத்தோம்."

"வேற என்ன மாமா செய்ய?"

தோளில் இருந்த கைகள் எடுக்கப்பட்டன. வண்டியின் பின்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி லேசானது. வேட்டிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்காமலே தெரிந்தது, பின்னால் யாரும் இல்லை.

ஜீப்பு வளைவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். நான்கு விரலாலும், முழு பலத்தோடு. வண்டி என்னைத் தூக்கி எறியவில்லை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, நல்ல மாடு மாதிரி, வேகம் குறைந்தது. இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருந்தால் நின்றே இருக்கும். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கியது. மலைப்பக்கம் இருந்த ஓடையில் சாய்ந்து விழுந்தேன். இடது தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஜீப்பு நின்றது. உள்ளே தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். அவர்கள் பார்த்தது இரண்டே காட்சிதான்: ஓடைக்குள் கிடக்கிற நான், மேலேயிருந்து வேட்டி கிழிந்து, முட்டியில் ரத்தத்தோடு ஓடி வருகிற மாமா. "பாவம், பிள்ளைக்காக எப்படி ஓடியாராரு பாரு" என்று ஒருத்தி அழுதாள். எங்கள் குடும்பக் கதை அந்த வாக்கியத்தில்தான் பிறந்தது.

ஜீப்பைத் திருப்பி எங்களைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் மாமா என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார்.

"பாரம் கொறஞ்சா வண்டி நிக்கும்னுதான்த்தா குதிச்சேன்."

"ம்."

"நீயா எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிரு. நீ சின்னப்பிள்ளை, உன்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் ஓட்டச் சொன்னேன்னு தெரிஞ்சா ஒங்கப்பா என்னைய வீட்டுல சேக்க மாட்டாரு. சம்பந்தம் போயிரும்."

அவர் அழுதார். பெரியவர் ஒருவர் என் முன்னால் அழுவது அதுதான் முதல் தடவை. இவ்வளவு பெரிய காரியத்தை என்னை நம்பிக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். சரி என்றேன். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. தோள்பட்டைக் கட்டு அவிழ்த்த அன்று என் சைக்கிளை விற்றுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் வண்டியைத் தொட்டதில்லை. சித்தி மகள் கேட்டாள், என் கதையைச் சொன்னார்கள். அண்ணன் மகள் கேட்டாள், என் கதையைச் சொன்னார்கள். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, பஸ் இல்லாத ஊர் என்று போகவிடவில்லை. முப்பது வயதுக்கு மேல், கல்யாணமாகி வந்த ஊரில், கட்டணம் கட்டி ஓட்டப் பழகினேன். முதல் நாளே அங்கே சொல்லித்தந்தார்கள்: இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதே, கியரில் வை, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி. அன்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வர எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

ஆனாலும் மாமாவைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அவர் பேச்சு குழுவில் வந்த பிறகு அத்தை எனக்குப் போன் செய்தார். மகளுக்காகத்தான் செய்தார்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு நீ தனியாவா போன?"

"இல்ல அத்தை. மாமா பின்னால உக்காந்திருந்தாரு."

அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவருக்கு அப்ப வண்டியே ஓட்டத் தெரியாதுடி. தை மாசத்துக்கு மேலதான் எங்கண்ணே கூட்டிட்டுப் போயி மைதானத்துல வச்சுப் பழக்கிவிட்டுச்சு. வெளிய சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

பதின்மூன்று வயதில் எனக்கு இது புரியவில்லை. ஜீப்பில் கட்டி வந்த வண்டியைப் பார்த்தேன், ஸ்டாண்டில் உறுமிய எஞ்சினைக் கேட்டேன், செக்போஸ்டில் உருட்டியதைப் பார்த்துச் சிரித்தேன். அடிவாரத்திலிருந்து மாமனார் வீடு வரைக்கும்கூட அதே பெட்ரோல் கதையோடு உருட்டியிருப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அவர் யாரோ பேசக் கேட்டது. அவர் என்னை முன்னால் உட்காரவைத்தது நான் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல. மாமனார் ஊரில் தெரியாது என்று சொல்ல வெட்கம். மலையில் தானே ஓட்டப் பயம். அந்த வெட்கத்துக்கும் பயத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளையை ஏற்றி உட்காரவைத்தார்.

மாமா, இதையும் நான் அதே குழுவில்தான் போடுகிறேன். எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள், அம்மாவை விட்டுப் பேசவைக்காதீர்கள். நீங்கள் குதித்ததைக்கூட நான் கேட்கவில்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் குதித்திருக்கலாம். ஒரே ஒரு கேள்விக்கு எல்லாரும் கேட்கிற மாதிரி உங்கள் குரலிலேயே பதில் போடுங்கள். உங்கள் மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள், மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. அன்றைக்கு உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா?