முதல் டக் வரைக்கும்

விர்ரென்று அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், கார் நிறுத்தும் அறையிலிருந்து. உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த அட்ராக்டாவின் கை அப்படியே நின்றது. வண்டியை அணைத்த பிறகும் அதன் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அடங்க மறுத்து இரைந்துகொண்டிருந்தது. கூடவே லேசாகக் கரிந்த வாடை.

கதவைத் திறந்துகொண்டு மாலக்கி உள்ளே வந்தார். கையில் ஒரு ரொட்டியும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையும். மாதா கோயிலுக்கும், அதற்கு எதிரே இருக்கும் கடைக்கும்தான் போய்விட்டு வந்திருந்தார். நடந்தே போகக்கூடிய தூரம்.

"உன் மூத்த பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குது போல," என்றாள் அட்ராக்டா.

"ஒண்ணுமில்ல. ஃபேன் ஓடுது. சூடு ஆறணும்ல?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்ததுக்கே அவ்வளவு சூடா? நானும்தான் காலம்பூரா அடுப்பு முன்னாடி நிக்கறேன். என்கிட்டேருந்து ஏதாவது சத்தம் வருதா?"

மாலக்கி பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "வரவே வராது. நீ பேசி நான் கேட்டதே இல்ல."

அவள் சிரித்தாள். ஆனால் அவர் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

பாலினஸ்லோ ஊரில் மாலக்கி ஹெஷனைத் தெரியாதவர்கள் இல்லை. மாட்டுத்தீவனம் விற்கும் கம்பெனிக்காக மேற்கு அயர்லாந்தின் அத்தனை சாலைகளிலும் ஓடி ஓடித் தேய்ந்த மனிதர். மழையிலும் மூடுபனியிலும், எந்தப் பண்ணை வாசலில் எந்த நாய் கடிக்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. ஓட்டிய வண்டிகள் எல்லாமே டீசல். "பெட்ரோல்ங்கறது ஊர் சுத்தற பசங்களுக்கு. டீசல்தான் குடும்பஸ்தனுக்கு," என்பார்.

எந்த வண்டி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுப்பதை நம்பமாட்டார். வண்டிக்குள் மினுக்கும் திரையையும் நம்பமாட்டார். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டியின் மூக்கு ஒரே திசையில். குழாய் முதல் தடவை டக்கென்று தானாக நிற்கும் இடத்தோடு சரி, அதற்கு மேல் ஒரு சொட்டு விடக்கூடாது. அடுத்த முறையும் அதே இடத்தில், அதே டக் வரைக்கும். "நடுவுல எவ்வளவு ஊத்தினியோ, அதுதான் நிஜம். மத்ததெல்லாம் கல்யாணப் பேச்சு," என்று சொல்லிச் சிரிப்பார்.

அரசாங்கம் கார் வரியை மாற்றி டீசல் வண்டிக்குச் சலுகை கொடுத்த வருஷத்தில் மாலக்கிக்கு ராஜ யோகம். ஊரில் யார் கார் வாங்கப் போனாலும் அவரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: டீசல். அதற்குப் பிறகு பல வருஷம் கழித்தும் அவர் அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. அப்படித்தான் தன் ஒரே மகள் ஃபிடெல்மாவுக்கும் சொன்னார்.

அந்தப் பெண் அப்போது மேற்கே கடலோரத்து ஓரன்மோரில், தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். வண்டி சூடேறுவதற்குள் வேலை செய்யும் இடம் வந்துவிடும். டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. நீண்ட சாலையில் வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும். தெருவுக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும். அவள் வண்டி அடைத்துக்கொண்டது. ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப. கடைசியில் பாதி வழியில், மழையில், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நின்றுபோனாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் அது வெடித்தது.

"உங்க பேச்சக் கேட்டு வாங்கினேன்ப்பா. கேலனுக்கு அறுபது மைல்னீங்க. எனக்கு அதுல பாதிகூட கிடைக்கல."

"வண்டியில குத்தமில்ல. நீ ஓட்டற லட்சணம் அப்படி. திரையில தெரியற நம்பரப் பாத்துட்டு வந்து என்கிட்ட பேசறியா?"

ஃபிடெல்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "உங்களுக்கு மகளவிட வண்டி ஒசத்தி. சரி. அதையே மடியில வச்சுக் கொஞ்சுங்க."

அன்று போனவள்தான். டீசலை விற்றுவிட்டு ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி வாங்கிக்கொண்டாள் என்று செய்தி வந்தது. வாரா வாரம் அம்மாவோடு போனில் பேசுவாள். மணி அடித்தாலே மாலக்கி எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் போவார். பாவி மனிதன், நனைந்துகொண்டே ஜன்னல் பக்கமாக நிற்பார். உள்ளே கேட்கும் குரலுக்காகத்தான் நிற்கிறார் என்பது அட்ராக்டாவுக்குத் தெரியாதா என்ன!

இப்போது அதே நோய் அவர் வண்டிக்கும் வந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குப் போக இடம் ஏது? கோயில், கடை, மருந்து வாங்கும் இடம். அவ்வளவுதான்.

வண்டிக்குள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஜார்லத்திடம் போனார். அட்ராக்டாவும் கூடப் போனாள். ஜார்லத் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வண்டி நல்லாத்தான் இருக்கு பெரியவரே. ஓடற குதிரையக் கட்டிப் போட்டா என்ன ஆகும்? வாரம் ஒரு தடவை மோட்டர்வேல நல்லா விரட்டுங்க. இல்லேன்னா இத வித்துட்டு, இந்த அம்மாவுக்கு ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி வாங்கிக் குடுங்க."

"பெட்ரோலா? என் வாசல்லயா?" என்றார் மாலக்கி.

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவர் மோட்டர்வேயில் போய்விட்டு வந்தார். கேட்டால், "சும்மா மேற்குப் பக்கம். கரி எரியணும்ல," என்பார். ஒரு வியாழக்கிழமை அட்ராக்டா கோட்டை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு?"

"எனக்கும் கரி அடைச்சிருக்கு. வண்டிய எடு."

ஈரமான பசும்புல் வெளிகள் இரண்டு பக்கமும் ஓடின. வண்டி மெல்ல மெல்ல மூச்சு விட்டு, பழைய உற்சாகத்தோடு பாடத் தொடங்கியது. மாலக்கியின் தோள்களும் நிமிர்ந்தன. மோட்டர்வே முடிந்தது. ஓரன்மோரின் பெரிய ரவுண்டானா வந்தது. அங்கிருந்து இரண்டாவது வழியில் திரும்பினால் மகளின் வீடு. சாம்பல் நிறக் கூரைகள்கூடத் தெரிந்தன.

மாலக்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினார். வண்டி ரவுண்டானாவைச் சுற்றியது. இரண்டாவது வழி வந்தது, போனது. இன்னொரு சுற்று. அவர் கண்கள் அந்தக் கூரைகளையே தொட்டுத் தொட்டு மீண்டன. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். வந்த வழியே வண்டி திரும்பியது.

"ஒவ்வொரு வாரமும் இங்கதான் திரும்புவியா?" அட்ராக்டா கேட்டாள்.

"வண்டிக்கு இவ்வளவு தூரம் போதும்," என்றார் அவர்.

வழி நெடுக அட்ராக்டா முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டாள். ஒரு மனிதன் தன் பிடிவாதத்தை இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய், வாசல் வரைக்கும் போய், இறக்கிவைக்கத் தெரியாமல் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவானா? அன்று சாயங்காலமே, அவர் தோட்டத்தில் இருந்தபோது, அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சின்னச் சிவப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. மாலக்கி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஃபிடெல்மா தனியாக உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். அப்பாவும் மகளும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அட்ராக்டா தேநீர் ஊற்றினாள், உலர்திராட்சை ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள், யாருக்கும் பசிக்கவில்லை.

"அவளுக்கு செப்டம்பர்லேருந்து காசில்பார்ல வேலை," என்றாள் அட்ராக்டா பொதுவாக. "தெனமும் போக ஒண்ணேகால் மணி, வர ஒண்ணேகால் மணி."

மாலக்கியின் கோப்பை நடுவழியில் நின்றது. "அவ்வளவு தூரமா? இந்தப் பொம்மை வண்டியிலயா?"

"நீளமான ரோட்டுல திணறுதுப்பா," என்றாள் ஃபிடெல்மா. "மேடு வந்தா கத்துது. ஆனா ஊருக்குள்ள பரவாயில்ல. ஊருக்குள்ள ஓட்டினப்போ கேலனுக்கு நாப்பத்திநாலு குடுத்துச்சு."

"திரை சொல்லிச்சாக்கும்."

பழைய கத்தி உறையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஃபிடெல்மா கோபப்படவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"பம்ப் சொல்லிச்சு. ஒரே பங்க், ஒரே பம்ப். வண்டி மூக்கு கடலப் பாத்து. முதல் டக் வரைக்கும். எனக்கு வேற எப்படி அளக்கத் தெரியும்ப்பா? நீங்க சொல்லிக்குடுத்தது அது ஒண்ணுதானே?"

சாலையில் எத்தனையோ புயலைத் தாண்டிய அந்த மனிதனின் கண்ணில், கோபத்தோடு போன மகள் தன்னுடைய அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தாள் என்பதைக் கேட்டதும், தண்ணீர் திரண்டுவிட்டது.

"என்னுது நாப்பது," என்றார்.

"என்ன?"

"என் வண்டி. இப்பக் கேலனுக்கு நாப்பதுதான் குடுக்குது. மூணு தடவை அளந்து பாத்தேன். முதல் டக் வரைக்கும்." அவர் மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் பெட்ரோலவிட அதிகமாக் குடிக்குது. அன்னிக்கு நீ சொன்னதுதான் சரிம்மா. உன் ஓட்டத்துல குத்தமில்ல. தெருவுக்குள்ள ஓட்டறவளுக்குப் போய் நீளமான ரோட்டு வண்டிய வாங்கச் சொன்னேன் பாரு, அதான் குத்தம்."

ஃபிடெல்மா எழுந்து வந்து அவர் தலைமேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவள் விசும்புவது அட்ராக்டாவுக்குக் கேட்டது. தட்டுகளை எடுக்கிற சாக்கில் தானும் அழுவதற்குச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது மாலக்கி சுவரில் மாட்டியிருந்த சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

"இத நீ எடுத்துக்க. காசில்பார் ரோடு இதுக்குத் தண்ணி பட்ட பாடு. தெனமும் ஓடினா பழையபடி அறுபது குடுக்கும். அந்தச் செவப்புப் பொம்மைய இங்க விட்டுட்டுப் போ. கோயிலுக்கும் கடைக்கும் அது போதும்."

"அப்பா! உங்க வண்டிய விட்டுட்டு நீங்க எப்படி…"

"பெட்ரோலா? என் வாசல்லயான்னு கேட்டது யாரு?" என்றாள் அட்ராக்டா.

"நீ சும்மா இரு," என்ற மாலக்கி மகள் பக்கம் திரும்பினார். "இன்சூரன்ஸ்?"

"அடுத்தவங்க வண்டியும் நான் ஓட்டலாம்ப்பா, என் பாலிசியில இருக்கு. மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம்."

வாசலில் குளிர்காற்று அடித்தது. மாலக்கி தன் வண்டியின் கூரையை ஒரு முறை தடவினார், சந்தைக்கு அனுப்பும் மாட்டைத் தடவுவதுபோல. "கெளம்பின ஒடனே விரட்டாத. கொஞ்சம் சூடேறட்டும். டீசல்தான் போடணும், ஞாபகம் வச்சுக்க. பழக்க தோஷத்துல பச்சைப் பெட்ரோல் குழாயத் தூக்கிடாத."

"தெரியும்ப்பா."

"டக்குக்கு மேல…"

"ஒரு சொட்டுகூட விடமாட்டேன்." அவள் கண்ணாடியை இறக்கினாள். "எனக்கு வியாழக்கிழமை லீவு. ஓரன்மோர் வரைக்கும் இந்தச் செவப்பு வண்டி தாங்கும். ரவுண்டானாவுல சுத்திச் சுத்தித் திரும்பாதீங்க. ரெண்டாவது வழி."

மாலக்கி விருட்டென்று மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. அந்தக் கனத்த குரல் மோட்டர்வே பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகிறவரைக்கும் அவர் அசையவில்லை.

"உள்ள வா கிழவா, வீட்டுச் சூடெல்லாம் வெளியில போகுது."

அவர் உள்ளே வந்தார். கையில் சிவப்பு வண்டியின் சாவி இருந்தது. கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.