மூச்சு பார்க்கும் தாள்

நேற்று கோந்த்வா கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மின்விசிறியை நிறுத்தினாள் பாருங்கள், அந்த 'டக்' சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து ஒரு தாள் கீற்று வரும் என்று. வந்தது. ஜானகியின் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து ஜானகிக்குப் பேச்சு இல்லை.

நானும் அவளும் இதே புனேயில் மொழியியல் படித்தவர்கள். நான் கோயம்புத்தூர்க்காரி, அவள் கோர்படி ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவள். சமஸ்கிருத மெய்களையும் கிரேக்க மெய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று பார்ப்போம். 'சுமக்கிறேன்' என்பதற்கு சமஸ்கிருதத்தில் பராமி, பழைய கிரேக்கத்தில் பெரோ. இரண்டு ப-விலும் ஒரு மூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னதில் தொண்டை அதிரும், பின்னதில் அதிராது. அந்த மூச்சு வருகிறதா என்று பார்க்கத்தான் தாள். விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, தாளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஆடினால் பாஸ்.

எனக்கு ஆடவே ஆடாது. தமிழின் ஒரே ஒரு ப-வை வைத்துக்கொண்டு ஜோராகக் குடித்தனம் நடத்தியவளாயிற்றே நான்! மராத்தியில் சண்டை போட்டு வளர்ந்த ஜானகிக்கு எல்லா ப-வும் உதட்டில் தயார். ஒரு நாள் எனக்கும் தாள் படபடவென்று ஆடியது. குதித்தேன்.

"அரே, அது காத்துடி, நீ இல்ல. கிட்கியை பந்த் பண்ணு."

ஜன்னலை மூடினேன். தாள் தொங்கிவிட்டது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று கோபித்துக்கொண்டேன். "பொய்யா ஆடினா அது எதுக்குடி?" என்றாள். அப்புறம் கேன்டீனில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள். வாயெல்லாம் பூண்டுச் சட்னியோடு மறுபடியும் பராமி, பெரோ. தாளில் சிவப்பாகத் தெறித்தது. அன்றுதான் பாஸ்.

அந்த வகுப்பறை இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். அதற்கெல்லாம் வருத்தப்படும் தெம்பு இல்லை.

நேற்று, "ஆன்ட்டி, 'பா' போலியே" என்று இந்தியில் சொல்லச் சொன்னாள் பயிற்சிப் பெண். ஜானகி உதட்டைச் சேர்த்துத் திறந்தாள். தாள் லேசாக ஆடியது. "வெரி குட்!" என்று அந்தப் பெண் கை தட்ட, ஜானகியின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சில மாதமாக இப்படித்தான், மரத்துப்போய்க் கிடக்கிறது மனசு.

ஜானகி தாளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எழுந்துபோய் மூடினேன். "இன்னொரு தடவை சொல்லுடி" என்றேன்.

உதடு திறந்தது. தாள் அப்படியே தொங்கியது.